நாலு ஏக்கர், ஒரு கிணறு, மூன்று பங்கு: அந்தக் காலத்தில் பாகம் பிரித்த விதம்

கேட்டவர் சொன்ன விவரம் இது. தாத்தாவுக்கு நாலு ஏக்கர் பூர்வீக நிலம், ஒரு கிணறு, ஓர் ஓட்டு வீடு. 1962இல் அவர் இறந்தார். அடுத்த வருஷம் அப்பாவும் இரண்டு பெரியப்பாக்களும் பெரியவர்களை வைத்து வாய்ப்பேச்சிலேயே பிரித்துக்கொண்டார்கள். பதிவுப் பத்திரம் கிடையாது, ஒரு பழைய தாளில் பட்டியல் மட்டும் இருக்கிறது. மூன்று பங்கும் பரப்பில் சமமாக இல்லையே, எந்தக் கணக்கில் பிரித்தார்கள்? இரண்டு அத்தைகள் பெயரும் பாட்டி பெயரும் ஏன் அதில் இல்லை?

முதலில் அந்தத் தாளைத் தண்ணீர் படாமல், மடிப்பு கிழியாமல் எடுத்து வையுங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

நாலு ஏக்கரை மூன்றால் வகுத்தால் ஆளுக்கு 133 சென்ட் சொச்சம். உங்கள் தாளில் அப்படி வரவில்லை என்பதற்காக யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று முடிவு கட்ட வேண்டாம். சொத்து நிறைய இருந்த வீட்டில் பங்கு என்றால் பரப்பு. நாலு ஏக்கர் வீட்டில் அப்படிப் பார்க்க முடியாது. பிரிந்த பிறகும் ஒவ்வொரு அடுப்பும் எரிய வேண்டும். அதற்குத் தண்ணீர் வேண்டும், வண்டி போக வழி வேண்டும், உழ மாடு வேண்டும். கடன் யார் தலையில், தாய் யார் வீட்டில் என்பதும் அதே பேச்சில்தான் தீரும். இவற்றையெல்லாம் ஈடு கட்டிய பிறகு நிலத்தின் அளவு சமமாக நிற்காது. பிரித்தவர்களுக்கு அது நன்றாகவே தெரியும்.

சட்டப்படி பார்த்தால் தமிழ்நாட்டு இந்துக் குடும்பங்கள் மிதாட்சரம் என்ற முறைக்குள் வரும். சாளுக்கிய மன்னன் ஆறாம் விக்கிரமாதித்தன் காலத்தில் விஞ்ஞானேசுவரர் எழுதிய உரை அது. மகன் பிறந்த அன்றே பூர்வீகச் சொத்தில் அவனுக்குப் பங்கு உண்டாகிவிடும்; தகப்பன் உயிரோடு இருக்கும்போதே பிரித்துக் கேட்கவும் முடியும். மூத்தவனுக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம் என்று மனு சொல்லியிருந்தாலும், உலகம் அதை வெறுக்கிறது, ஆகையால் செய்யக் கூடாது என்று விஞ்ஞானேசுவரர் தள்ளிவிட்டார். அதனால் சகோதரர்களுக்குள் பங்கு சமம். மகன்களில் ஒருவன் முன்பே இறந்திருந்தால் அவனுடைய பிள்ளைகள் எத்தனை பேரானாலும் அவன் ஒருவனுடைய பங்கைத்தான் எடுப்பார்கள். கிளை வாரி என்பார்கள். சில சமூகங்களில் இரண்டு மனைவி இருந்தால் மகன்களை எண்ணாமல் மனைவிகளை எண்ணிப் பிரிக்கும் பத்தினி பாகம் என்ற வழக்கமும் இருந்தது.

நடைமுறையில் பாகப்பிரிவினை நிலத்தில் தொடங்காது. அடுப்பில்தான் தொடங்கும். ஒரே வீட்டுக்குள் உலை தனியாகும், நெல்லை அளந்து தனித்தனியாகக் கொடுப்பார்கள். இப்படி ஒன்றிரண்டு வருஷம் ஓடும். பிறகு அறுவடை முடிந்து களம் காலியாகும் நேரம் பார்த்துப் பேச்சு எடுப்பார்கள். வயலில் பயிர் நின்றால் அதற்கும் பங்கு கேட்பார்கள் என்பதால் அந்த நேரம். உட்கார்பவர்களில் தாய்மாமன் கட்டாயம் உண்டு. சொத்தில் அவருக்கு ஒரு குழி பாத்தியம் கிடையாது, மூன்று பேரும் அவருக்கு அக்காள் பிள்ளைகள் அல்லது தங்கை பிள்ளைகள். அதனால் அவர் சொல் எடுபடும். கணக்குப்பிள்ளையும் இருப்பார். சர்வே எண், தீர்வை, எந்த வயலில் எந்த வருஷம் என்ன விளைந்தது என்ற அடங்கல் எல்லாம் அவர் கையில். 1980இல் பரம்பரைக் கிராம அதிகாரிகள் முறை ஒழிக்கப்படும்வரை ஊர் நிலத்தின் ஞாபகமே அவர்கள்தாம்.

நிலத்துக்கு வருவதற்கு முன் சில கழிவுகள் உண்டு. தகப்பன் வாங்கிய கடன், கல்யாணமாகாத தங்கையின் கல்யாணச் செலவு, தாயின் ஜீவனாம்சம். கடனைச் சமமாகப் பிரிப்பதும் உண்டு. ஒருவனே கடனை முழுதாக ஏற்று அதற்கு ஈடாக இருபது முப்பது சென்ட் கூடுதலாக எடுத்துக்கொள்வதும் உண்டு. உங்கள் தாளில் பெரியப்பா ஒருவருக்கு நிலம் அதிகமாக இருந்தால், கடன் வரியை முதலில் தேடிப் பாருங்கள். பல தாள்களில் கேள்விக்கு விடை அங்கேதான் கிடைக்கும்.

பிறகு பங்கு வகுப்பார்கள். மூத்தவன் வகுக்க, இளையவன் முதலில் எடுப்பது ஒரு முறை. வகுத்தவனுக்குக் கடைசிப் பங்குதான் மிஞ்சும் என்பதால் அவன் எதையும் இளைக்க விடமாட்டான். இன்னொரு முறை திருவுளச்சீட்டு. மூன்று சீட்டு எழுதிச் சாமி முன்னால் வைத்து, ஒன்றும் அறியாத குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். சீட்டில் வந்ததற்குப் பிறகு பேச்சில்லை, ஏனென்றால் அதைக் கொடுத்தது அண்ணனுமில்லை மாமனுமில்லை.

நிலத்தை வெட்டிய விதத்தில்தான் அந்த மனிதர்களின் அறிவு முழுவதும் இருக்கிறது. ஏரி, வாய்க்கால் பாசனத்தில் தலைமடை வயலுக்கும் கடைமடை வயலுக்கும் விளைச்சலில் பெரிய வித்தியாசம். தண்ணீர் தட்டும் வருஷத்தில் கடைமடை காய்ந்துவிடும். ஒருவனுக்குத் தலைமடையும் மற்றவனுக்குக் கடைமடையும் போகக் கூடாது என்றால் வாய்க்காலிலிருந்து நீளவாட்டில் வெட்ட வேண்டும். அப்போது ஒவ்வொரு பங்கின் தலையும் வாய்க்காலைத் தொடும். புலப்படத்தில் (நில அளவை வரைபடத்தில்) ஆள் படுத்த அகலத்துக்கு நீள நீளமாக உட்பிரிவுகள் தெரிவதைப் பார்த்து, விவரம் இல்லாமல் துண்டு போட்டிருக்கிறார்கள் என்று இன்று சொல்கிறோம். அந்தத் துண்டு ஒவ்வொன்றும் தண்ணீரை நியாயமாகப் பகிர்ந்த கணக்கு. அதே காரணத்தால்தான் ஒரே இடத்தில் ஒன்றேகால் ஏக்கர் எடுப்பதை விட்டு, நஞ்சையில் ஒரு துண்டு, மேட்டுப் புஞ்சையில் ஒரு துண்டு, கிணற்றடியில் ஒரு துண்டு என்று எடுத்தார்கள். மழை பொய்த்தால் மேடு போகும், வெள்ளம் வந்தால் பள்ளம் போகும். எந்த வருஷமும் ஒரு குடும்பம் மட்டும் மொத்தமாக அழியாது. இரண்டு மூன்று தலைமுறை இப்படியே வெட்டிக்கொண்டு போனதில் ஏர் திரும்ப இடமில்லாமல் போனது உண்மைதான். ஆனால் முதல் வெட்டில் தப்பில்லை.

கிணற்றை வெட்ட முடியாது. அது பொதுவில் நிற்கும். பங்கு மட்டும் எழுதுவார்கள். கால், அரைக்கால், வீசம் என்று கிணற்றுப் பங்கு எழுதிய பத்திரங்கள் ஏராளம். வீசம் என்றால் பதினாறில் ஒன்று; மூன்று தலைமுறை தாண்டிய கிணறு அந்த அளவுக்கு வந்துவிடும். கையில் வருவது முறைத் தண்ணீர். இன்று ஒருவர், நாளை ஒருவர், நாளன்றைக்கு மூன்றாமவர். கவலை இறைத்த காலத்தில் (தெற்கே கமலை என்பார்கள்) இந்த முறை தகராறில்லாமல் ஓடியது. இரண்டு மாடும் ஒரு ஆளும் ஒரு நாளில் இவ்வளவுதான் இறைக்க முடியும், அதற்குள் கிணறும் ஊறிவிடும். பிறகு மின்சார மோட்டார் வந்தது. இணைப்பு பெரும்பாலும் ஒருவர் பெயரில்தான் இருந்தது. ஒரு நாளில் கிணற்றைக் காயவைக்க அதனால் முடியும். வாய்ப்பேச்சில் அழகாக நின்ற பல பாகங்கள் உடைந்தது நிலத்தில் அல்ல, இந்த மோட்டார் கொட்டகையில்தான். உங்கள் தாளில் கிணற்றைப் பற்றி ஒரே வரிதான் இருக்கும், அதை எழுத்துக்கு எழுத்து படியுங்கள். கிணற்றுப் பங்கோடு வாரி, கவலை மேடு, வாய்க்கால் போகும் பாத்தியம் சேர்ந்திருக்கிறதா என்பது இன்றைக்கும் காசு பெறும் விஷயம்.

வழியும் அப்படித்தான். உள்ளே இருக்கும் பங்குக்கு வண்டி போக மாமூல் வழி விட்டு எழுதுவார்கள். எழுத மறந்தாலும் பாகத்தால் வழியில்லாமல் போன நிலத்துக்கு வேறு வழியே இல்லையென்றால் பாதை கேட்க 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் இடம் கொடுக்கிறது.

மரங்கள் நிலத்தோடு போக வேண்டும் என்பதில்லை. நிலம் தம்பிக்கு, அதில் நிற்கும் புளியமரத்தில் மூன்றில் ஒன்று அண்ணனுக்கு என்று எழுதியிருப்பார்கள். பனைகளை எண்ணிப் பிரிப்பார்கள். உழவுமாட்டுச் சோடியை உடைக்க மாட்டார்கள். ஒருவனுக்குச் சோடி, இன்னொருவனுக்குக் கறவை மாடும் கன்றும், மூன்றாமவனுக்கு வண்டி, குறைவுக்குப் பணமோ நெல்லோ. வீட்டில் முற்றத்தின் நடுவே மண்சுவர் எழும்பும், தலைவாசல் பொதுவில் இருக்கும். குலசாமி செலவு, களம், உரல் இருக்கும் இடம் இவையும் பொது.

பாத்திரங்களில் ஒரு நுட்பம் உண்டு. மருமகள்கள் சீராகக் கொண்டுவந்த அண்டா, குடம், தவலை எதுவும் பங்குக்கு வராது. அது அவரவர் ஸ்திரீதனம், அதாவது பெண்ணுக்கே சொந்தமான சொத்து. எது யாருடையது என்று தெரிவதற்காகத்தான் பித்தளையில் பெயர் வெட்டி வாங்கினார்கள். பெயர் வெட்டாத பாத்திரம் மாமியாருடையது, அது மட்டும் நடுவில் வரும்.

இனி பெண்கள். உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

கூட்டுக் குடும்பத்தைக் கெடுத்தவள் என்று மருமகளைச் சொல்லாத ஊர் இல்லை. அந்தப் பழி எவ்வளவு அநியாயம் என்பது அன்றைய சட்டத்தைப் பார்த்தால் புரியும். 1937க்கு முன், பிரியாத குடும்பத்தில் ஒருவன் ஆண்பிள்ளை இல்லாமல் இறந்தால் அவன் பங்கு அவனோடு முடிந்து மற்றச் சகோதரர்களின் பங்கில் கலந்துவிடும். அவன் மனைவிக்குச் சோறும் சேலையும் ஒதுங்க ஓர் இடமும் மட்டும் பாத்தியம். அதே மனிதன் பாகம் பிரிந்த மறுநாள் இறந்திருந்தால் அவன் பங்கு முழுவதும் அவள் கைக்கு வரும். அவசியம் இல்லாமல் விற்க முடியாதே தவிர, ஆயுள் வரைக்கும் அவள்தான் ஆள்வாள். ஒரு நாள் வித்தியாசத்தில் ஒருத்தி நிலத்துக்காரி ஆவாள் அல்லது கொழுந்தன் வீட்டு அடுப்படியில் நிற்பாள். சென்னை மாகாணத்திலிருந்து போன ஒரு வழக்கில், பிரிவது என்று ஒப்புக்கொண்டு எழுதிவிட்டாலே போதும், வரப்பு போட்டு அளக்காவிட்டாலும் அவர்கள் பிரிந்தவர்கள்தாம் என்று லண்டன் பிரிவி கவுன்சில் 1866இல் தீர்ப்புச் சொன்னது. பிள்ளை இல்லாத மருமகள், பெண்பிள்ளை மட்டும் பெற்ற மருமகள் இவர்கள் தனிக்குடித்தனம் கேட்டுக் கணவனை அரித்ததில், தான் நாளைக்கு எங்கே நிற்போம் என்ற கணக்கு இருந்தது. சட்டம் படித்து வந்ததில்லை அந்தக் கணக்கு. பக்கத்து வீட்டில் ஒரு விதவையின் கதியைப் பார்த்து வந்தது.

1937 சட்டம் விதவைக்குக் கணவனின் பங்கை ஆயுள் பாத்தியமாகக் கொடுத்தது. ஆனால் விவசாய நிலத்துக்கு அது பொருந்தாது என்றாகி, சென்னை மாகாணம் 1947இல் தனிச் சட்டம் போட்டுத்தான் நிலத்துக்கும் நீட்டியது. நிலத்தைத் தவிர வேறு சொத்தே இல்லாத குடும்பங்களுக்கு அந்தப் பத்து வருஷமும் சட்டம் இருந்தும் இல்லாததுபோல்தான்.

தாய் விஷயத்தில், மகன்கள் பிரியும்போது தாய்க்கும் ஒரு மகனுக்குச் சமமான பங்கு என்று மிதாட்சரம் சொல்கிறது. தென்னாட்டில் அது நெடுங்காலம் முன்பே வழக்கொழிந்துவிட்டது. ஜீவனாம்சத்துக்கு அரை ஏக்கர், அவள் காலத்துக்குப் பின் காரியம் செய்தவனுக்கு அல்லது மூன்று பேருக்கும் என்று எழுதினார்கள். அதுவும் இல்லாவிட்டால் மாதம் ஒரு வீட்டில் முறைச்சோறு. தகப்பனும் தாயும் உயிரோடு இருந்தால் ஆளுக்கொரு மகன் வீட்டில். பாகப்பிரிவினையில் மிகக் கொடிய வரி அதுதான் என்று நான் எண்ணுகிறேன், அது எந்தப் பத்திரத்திலும் எழுதப்படுவதில்லை.

மகள்களுக்கு நகை, சீர், பிள்ளைப்பேற்றுச் செலவு, பிறகு தாய்மாமன் முறைகள். வசதியுள்ள வீடுகளில் தெற்கத்திப் பக்கம் மஞ்சக்காணி என்று ஒரு துண்டு நிலம் கொடுத்ததும் உண்டு. யாழ்ப்பாணத்தில் கதை வேறு. 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமைப்படி மகளுக்குச் சீதனமாக நிலமே போகும், மகன்களுக்கு முதுசம், அதாவது பரம்பரைச் சொத்து. தமிழர் வழக்கம் என்று ஒன்றை மட்டும் காட்டி, பெண்ணுக்கு நிலம் கொடுக்கிற மரபே நமக்கில்லை என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

உங்கள் தாத்தா இறந்தது 1962இல். 1956இலேயே இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்துவிட்டது. அதனால் உங்கள் அத்தைகளுக்கும் பாட்டிக்கும் அன்றைக்கே பாத்தியம் இருந்தது, யாரும் சொல்லவில்லை. கணக்கைப் பாருங்கள். தாத்தா இறந்த நிமிஷத்தில் அவரும் மூன்று மகன்களும் பிரிந்ததாக வைத்துக்கொண்டால் ஆளுக்குக் கால் பங்கு, அதாவது ஒரு ஏக்கர். உயில் எதுவும் இல்லையென்றால் தாத்தாவின் அந்த ஒரு ஏக்கர் பாட்டி, மூன்று மகன், இரண்டு மகள் என ஆறு பேருக்கும் சமம். ஆளுக்கு 24இல் ஒரு பங்கு, 16 சென்ட் சொச்சம். மகன் ஒவ்வொருவருக்கும் 116 சென்ட் சொச்சம், பாட்டிக்கும் அத்தைகளுக்கும் தலைக்கு 16 சென்ட் சொச்சம் என்றுதான் அன்று எழுதியிருக்க வேண்டும். சின்னத் துண்டுதான். ஆனாலும் அது அவர்களுடையது. வீட்டைப் பொறுத்தவரை, ஆண்கள் பிரித்துக்கொள்ளாத வரைக்கும் பெண் வாரிசு பாகம் கேட்க முடியாது என்று அந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவு தடுத்தது. 2005இல்தான் அது நீங்கியது.

ஊரில் நடந்தது என்னவென்றால், அத்தைகளைக் கூப்பிட்டு, பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரம் எழுதி வாங்குவார்கள், அல்லது கூப்பிடவே மாட்டார்கள். பிறந்த வீட்டு வாசல் மூடிவிடக் கூடாது, பிள்ளைகளுக்கு மாமன் முறை செய்ய ஆள் வேண்டும் என்று அவர்களும் வாய் திறக்க மாட்டார்கள். 16 சென்ட்டுக்கும் அண்ணன்மாருக்கும் நடுவில் அவர்களை நிறுத்தினால் வேறு என்ன செய்வார்கள்? இதை அவர்கள் மனமுவந்து விட்டுக்கொடுத்தார்கள் என்று எழுதுவது சரியில்லை.

இப்போது அந்தத் தாள். இந்து குடும்பத்தில் வாய்மொழிப் பாகம் செல்லும், எழுத்து கட்டாயமில்லை. எழுதினால்தான் பதிவுச் சட்டம் வரும். நூறு ரூபாய் அல்லது அதற்கு மேல் மதிப்புள்ள நிலத்தை அந்தத் தாளே பிரிக்கிறது என்றால் பதிவு இல்லாமல் அது பாகத்துக்குச் சாட்சியாகாது. முன்பே பிரித்துக்கொண்டதை ஞாபகத்துக்காகக் குறித்தது என்றால் பதிவு தேவையில்லை. அதனால் "போன தை மாதம் பிரித்துக்கொண்டபடி" என்று இருக்கிறதா, "இதன்மூலம் பிரித்துக்கொள்கிறோம்" என்று இருக்கிறதா என்று பாருங்கள். பாதுகாத்து வையுங்கள் என்று சொன்னதற்குக் காரணம் அந்த ஒரு வினைச்சொல்தான். பதிவில்லாத பாகப் பத்திரமாகவே இருந்தாலும், அவர்கள் பிரிந்தார்கள், அன்றிலிருந்து தனித்தனியே அனுபவிக்கிறார்கள் என்பதைக் காட்ட மட்டும் அது உதவும்.

தமிழ்நாட்டில் 25.3.1989க்கு முன் கல்யாணமாகாத மகள்களுக்குப் பிறப்பால் பங்கு வந்தது. உங்கள் அத்தைகள் அதற்கு முன்பே கல்யாணமானவர்களாக இருந்தால் அதில் வரமாட்டார்கள். 9.9.2005 திருத்தம் கல்யாணமான மகள்களையும் சேர்த்துக்கொண்டது, 20.12.2004க்கு முன் பதிவான அல்லது நீதிமன்றத் தீர்ப்பில் முடிந்த பாகங்களை மட்டும் தொடாமல் விட்டது. இந்தத் திருத்தப்படி மகள் பங்கு கேட்கும்போது, முன்பே வாய்மொழியாகப் பிரித்துவிட்டோம் என்ற பதிலைச் சாதாரணமாக ஏற்க முடியாது, அரசாங்க ஆவணங்கள் அதை உறுதிசெய்தால் மட்டும் விதிவிலக்காக ஏற்கலாம் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே 1963 முதல் தனித்தனியாகக் கட்டிய கிஸ்தி (நிலவரி) ரசீது, அடங்கல், தனிப் பட்டா, வீட்டு வரி ரசீது எல்லாவற்றையும் தேடுங்கள். பக்கத்து நிலக்காரர்களின் பழைய கிரயப் பத்திரங்களையும் பாருங்கள். நான்கெல்லை எழுதும்போது "இன்னாருடைய பாகத்து நிலத்துக்குக் கிழக்கு" என்று உங்கள் அப்பா பெயரைத் தனியாகப் போட்டிருந்தால், உங்கள் குடும்பத்துக்கு வெளியே இருந்து வந்த நல்ல சாட்சி அது.

இவையெல்லாம் உங்கள் அப்பாவின் 1963 பாகத்தைக் காக்கும் வழிகள். தாத்தாவின் கால் பங்கில் அத்தைகளுக்கு வந்த 16 சென்ட் வேறு கணக்கு. அது 1956 சட்டப்படி அவர்களுக்கு வாரிசாக வந்தது, தம்பிகளும் அண்ணன்களும் தங்களுக்குள் பிரித்துக்கொண்டதால் மட்டும் போய்விடாது. அவர்கள் உயிரோடு இருந்தால் வக்கீலிடம் போவதற்கு முன் அவர்கள் வீட்டுக்குப் போங்கள். 1963இல் அவர்களிடம் யாராவது கேட்டார்களா, எங்காவது கையெழுத்தோ ரேகையோ வைத்தார்களா என்று அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.